பூங்காவில் அவிழ்த்துவிட்ட நாய்

என் கணவர் இரண்டாம் முறை நடக்கக் கற்றுக்கொண்டது எங்கள் நகர்ப் பூங்காவில். கடைசியாக நடந்ததும் அங்கேதான். இரண்டுக்கும் நடுவே சில மாதங்கள் இருந்தன. அந்த மாதங்களைப் பற்றி எங்கள் தெருவில் யாரும் பேசுவதில்லை. பேசினாலும், "ஸ்ட்ரோக் வந்த ஒடம்பு" என்று ஆரம்பித்து அதிலேயே முடித்துவிடுகிறார்கள். அவர் இறந்தது ஸ்ட்ரோக்கால் அல்ல. அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அவர் பஸ் டிரைவர். பாகூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் தனியார் பஸ் ஒன்றைப் பல வருடங்கள் ஓட்டினார். நான் அரசுப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. கரிக்கலாம்பாக்கத்தில் நெல் வயல்கள் மனைகளாக மாறிக்கொண்டிருந்த சமயம் நாங்களும் ஒரு மனை வாங்கி வீடு கட்டினோம். மழை பெய்தால் வீட்டுக்குப் பின்னால் இன்னும் தவளை கத்தும். மனை போட்டவர்கள் வரைபடத்தில் ஒரு மூலைக்குப் பச்சை அடித்துப் பூங்கா என்று எழுதியிருந்தார்கள். வெகுகாலம் அங்கே சீமைக்கருவேலமும் உடைந்த பாட்டில்களும்தான் இருந்தன. பிறகு நகர் நலச் சங்கம் என்று ஒன்று ஆரம்பித்து, அலைந்து திரிந்து, சுற்றுச்சுவரும் இரும்புக் கேட்டும் வந்தன. சிமென்ட் கல் பதித்த நடைபாதை, ஒரு சறுக்குமரம், இரண்டு ஊஞ்சல், உட்கார பெஞ்சுகள். நாய்களைச் சங்கிலி இல்லாமல் உள்ளே கொண்டுவரக் கூடாது என்று கேட்டுக்குப் பக்கத்தில் சுவரில் எழுதியும் வைத்தார்கள். கொஞ்ச நாளில் அதன்மேல் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் ஒட்டிவிட்டார்கள்.

சித்திரை வெயிலில் ஒரு காலை, பல் துலக்கப் போனவர் குழாயடியில் அப்படியே சரிந்தார். வாய் ஒரு பக்கம் கோணிப்போயிருந்தது. நான் தெருவில் ஓடி எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். எதிர்வீட்டுக்காரர் மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர். நாங்கள் இங்கே வந்த நாளிலிருந்து நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். பனியனோடு வந்தார். என் கணவரைக் குழந்தையைப்போல் இரண்டு கையிலும் தூக்கித் தன் காரில் படுக்கவைத்தார். வில்லியனூர் வழியாகப் பெரியாஸ்பத்திரிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்று எனக்குத் தெரியாது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆளே இல்லை என்று டாக்டர் சொன்னார். அதை அண்ணன் காதுபடத்தான் சொன்னார். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அண்ணன் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். "எழுந்திரும்மா, இன்னா இது" என்று சொல்லி அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல மனுஷர். இதை எழுதும்போதும் அதை மாற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உயிர் தப்பியது. ஆனால் வலது கையும் வலது காலும் போயின. பேச்சு குழறியது. கால் திரும்பி வரும், தினமும் நடக்க வேண்டும், சமமான தரையில் நடக்க வேண்டும் என்று பிசியோதெரபி செய்ய வந்த பெண் சொன்னாள். எங்கள் தெரு ஜல்லி கொட்டி, தார் போடாமலே விட்ட தெரு. நன்றாக இருப்பவர்களுக்கே கால் பிசகும். சமமான தரை என்றால் பூங்கா ஒன்றுதான்.

ஆடியில் ஆரம்பித்தோம். நாலு கால் வைத்த ஊன்றுகோலை இடது கையில் பிடித்துக்கொண்டு, நான் அவர் இடுப்புப் பட்டையைப் பின்னாலிருந்து பிடிக்க, முதல் நாள் கேட்டிலிருந்து முதல் பெஞ்ச் வரைக்கும்தான் போனோம். அவருக்கு வேர்த்துக் கொட்டியது. அழுதார். ஸ்ட்ரோக் வந்தபின் அவர் சட்டென்று அழுதுவிடுவார். பிறகு தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தார். பெஞ்சுகளுக்கு அவர் ஓட்டிய ரூட்டின் ஸ்டாப்பிங் பெயர்களை வைத்தார். கேட் பாகூர். முதல் பெஞ்ச் கிருமாம்பாக்கம். சறுக்குமரத்துக்கு எதிரே இருந்தது தவளக்குப்பம். "இன்னிக்கி அரியாங்குப்பம் வரைக்கும் போலாம்" என்று குழறலாகச் சொல்வார். எனக்கும் எங்கள் மகளுக்கும் மட்டும்தான் அது புரியும். மகள் கடலூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். போனில் முதலில் கேட்பதே, "ப்பா, பஸ்ஸு எது வரைக்கும் போச்சு?" என்றுதான். புரட்டாசி முடிவதற்குள் ஒரு சுற்று முழுசாக வந்தார். நான் பட்டையை விட்டுவிட்டுப் பக்கத்தில் நடந்தேன். வலது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் வைப்பார். ஆனாலும் நடந்தார்.

அண்ணன் ஒரு நாய் வைத்திருந்தார். அதை வாங்கியது அதற்கு முந்தைய வருடம். கடைக்குப் பின்னால் கிடந்த இரும்புக் கம்பிகளை யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள் என்று, காவலுக்காக வாங்கினார். கறுப்பும் பழுப்பும் கலந்த நாய், கன்றுக்குட்டி உயரம். காவலுக்கு என்று வந்ததைக் கடையில் விட அவருக்கே மனம் வரவில்லை. வீட்டோடு வைத்துக்கொண்டார். பிள்ளைகள் இல்லாத வீடு. அவர் மனைவியை நான் அண்ணி என்பேன். அண்ணி அதற்குத் தனியாகச் சோறு வடித்துக் கறி போட்டுப் பிசைந்து வைப்பார். அது கெட்ட நாய் இல்லை. குரைத்து நான் கேட்டதே குறைவு. ஆனால் அதற்குத் தன் உடம்பு எவ்வளவு பெரியது என்று தெரியாது. அதைச் சொல்லித்தரவும் யாரும் முயலவில்லை.

சாயங்காலம் பூங்காக் கேட் வரைக்கும் சங்கிலியில் பிடித்து வருவார். உள்ளே வந்ததும் கொக்கியைக் கழற்றிவிடுவார். நாய் அம்பு மாதிரி போகும். அவர் சங்கிலியைத் தோளில் துண்டுபோலப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து ரப்பர் பந்தை வீசுவார். ஊஞ்சலில் இருக்கும் பிள்ளைகள் காலைத் தூக்கிக்கொள்ளும். ஒரு பெண் குழந்தை கையில் வைத்திருந்த பன்னை அது வாயால் பிடுங்கிக்கொண்டு ஓடியதை நானே பார்த்தேன். குழந்தைக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் அப்புறம் அந்தக் குழந்தை பூங்காவுக்கு வரவில்லை. யாராவது முகம் சுளித்தால் அண்ணன் சிரித்துக்கொண்டே, "ஒன்னும் பண்ணாதும்மா, வெளாடுது. நாள் பூரா கட்டிக் கெடக்குது பாவம், கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்பார்.

நான் கேட்டேன். தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். கால் தொட்டுக் கும்பிட்டவரிடம் குறை சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

"அண்ணே, அவரு நடக்கற நேரத்துக்கு மட்டும் சங்கிலியில புடிச்சிக்குங்கண்ணே. அது கிட்ட வந்தா அவருக்குக் கால் நடுங்குது."

"அதுக்கின்னா டீச்சர், புடிச்சிக்கறன்" என்றார்.

அந்த வாரம் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரம் மறந்துவிட்டார்.

இரண்டாம் முறை என் கணவரே கேட்டார். நாய் அவர் ஊன்றுகோலை முகர்ந்துகொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. அவர் நடுவழியில் நின்றுவிட்டார். முகம் வெளுத்துப்போனது. அண்ணனைப் பார்த்து மெதுவாக, வார்த்தை வார்த்தையாகச் சொன்னார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னா சொல்றாரு?" என்றார்.

"நாயக் கட்டச் சொல்றாரு."

அண்ணன் என் கணவரின் தோளில் தட்டினார். "யோவ் டிரைவரே, லாரிக்கு எதுக்க பஸ்ஸ ஏத்தன ஆளு நீ. ஒரு நாய்க்கா பயப்படுவ?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கேலியாக இல்லை, பிரியமாகத்தான். என் கணவரும் கோணல் வாயால் சிரித்தார். வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்ததும், "இனிமே அவன் கிட்ட கேக்காத" என்று என்னிடம் சொன்னார். அது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அதற்கப்புறம் நான் சங்கத் தலைவரிடம் போனேன். ரிட்டையர் ஆன மனிதர், மரியாதையாகப் பேசுவார். நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டார். கடைசியில், "நீங்க சொல்றது நியாயம்தாம்மா. ஆனா அந்தப் பார்க்குக்கு சிமென்ட்டு குடுத்தது யாரு? லைட்டு போட்டது யாரு? அவர் கிட்டப் போயி எப்படிம்மா சட்டம் பேசறது? நீங்கதான் எதிர் வூடு, நீங்களே பக்குவமா சொல்லுங்களேன்" என்றார். சொல்லிவிட்டேன் என்றேன். இன்னொரு தரம் சொல்லுங்கள் என்றார்.

அதனால் நாங்கள்தான் நேரத்தை மாற்றிக்கொண்டோம். பள்ளி விட்டு நான் பஸ் பிடித்து வந்ததும், முகம்கூடக் கழுவாமல், வெயில் தாழுமுன்பே அவரைக் கூட்டிப்போவேன். நடைபாதைக் கல் செருப்பையும் மீறிச் சுடும். அந்த நேரத்தில் பூங்காவில் ஒரு ஆள் இருக்க மாட்டார். கொஞ்ச காலம் அது சரியாகப் போனது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டபின் அந்த நேரமும் கைவிட்டுப் போனது. மதியமெல்லாம் பெய்தது. ஒரு வாரத்துக்கு மேல் அவர் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். கால் மறுபடி விறைக்க ஆரம்பித்தது. ஒருநாள் சாயங்காலம் மழை விட்டு வெளிச்சம் வந்தது. அவர் ஏற்கெனவே ஊன்றுகோலைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போனோம்.

அண்ணன் அங்கே இருந்தார். நாயும் இருந்தது, பூங்காவின் அந்தக் கோடியில். ஊஞ்சல் பக்கம் மூன்று பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அண்ணனைப் பார்த்துக் கையைக் காட்டினேன், பிடித்துக்கொள்ளுங்கள் என்று. அவரும் கையைத் தூக்கினார். அதை நான் சரி என்று எடுத்துக்கொண்டேன். அவர் வணக்கம் என்று நினைத்துத் தூக்கினாரோ என்னவோ.

சறுக்குமரத்தைத் தாண்டியிருப்போம். பந்து எங்கள் பக்கமாக வந்து நடைபாதையில் குதித்து உருண்டது. நான் திரும்புவதற்குள் நாய் பின்னாலிருந்து வந்து அவர் முழங்காலின் பின்பக்கம் மோதியது. மோத வேண்டும் என்று மோதவில்லை. அதன் கண்ணில் பந்து மட்டும்தான் இருந்தது. ஊன்றுகோல் ஒரு பக்கம் போனது. அவர் வலது பக்கமாக, ஊன்றிக்கொள்ளக் கை இல்லாத பக்கமாக, நடைபாதை ஓரத்துக் கல்லின்மேல் விழுந்தார். மரக்கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் அவர் குரல்.

நாய் பந்தை விட்டுவிட்டுத் திரும்பி வந்தது. அவர் முகத்தை நக்க ஆரம்பித்தது. வலது கை செத்த கை, இடது கை உடம்புக்குக் கீழே மாட்டிக்கொண்டது. தள்ள முடியாமல் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். நான் அதன் பட்டையைப் பிடித்து இழுத்தேன். அது என்னையும் சேர்த்து இழுத்தது.

அண்ணன் ஓடி வந்தார். "ஒன்னும் இல்ல, ஒன்னும் இல்ல, வெறும் அடிதான்" என்றார். நாயைப் பிடித்துச் சங்கிலி மாட்டினார். "இதோ வூட்ல கட்டிட்டு கார எடுத்தாரேன்" என்று போனார். அந்த ஈரக் கல்லில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் காத்திருந்தேன். நாயைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் எங்களுக்கு வண்டி வந்தது. அதில் தப்பு இல்லை என்று யோசித்தால் தெரிகிறது. நாயோடு அவர் என்ன செய்வார். ஆனால் மனம் அந்த இடத்தை விட்டு இன்றுவரை நகரவில்லை.

அதே காரில், அதே பின்சீட்டில் கொண்டுபோனோம். இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் முனை உடைந்திருந்தது. ரத்தம் உறையாமல் இருக்க அவர் சாப்பிட்ட மாத்திரையின் வேகம் அடங்காமல் கத்தி வைக்க முடியாது என்று நாட்களைக் கடத்தினார்கள். பிறகு ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாகத்தான் நடந்தது என்றார்கள். ஆனால் அவர் எழுந்து உட்காரவே இல்லை. படுக்கையில் புண் வந்தது. நெஞ்சில் சளி கட்டியது. மகள் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்து அவர் பக்கத்தில் இருந்தாள். தான் வகுப்பில் படித்ததெல்லாம் அப்பா உடம்பில் ஒவ்வொன்றாக வருவதை அவள் முன்கூட்டியே அறிந்திருந்தாள். என்னிடம் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்து நான் தெரிந்துகொண்டேன்.

ஒருநாள் மகள் கோபமாக, "அந்த நாய அடிச்சே கொல்லணும்பா" என்றாள்.

அவர் தலையை அவள் பக்கம் திருப்பினார். பிறகு சிரமப்பட்டுச் சொன்னார். "பஸ்ஸு மோதனா யாரப் புடிப்பாங்க? டிரைவரத்தான. பஸ்ஸ எதுக்கு அடிக்கற?"

தினம் அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பழம் வாங்கி வருவார், இளநீர் வெட்டி வருவார், ரத்தம் கொடுக்க ஆள் பிடித்துத் தந்தார். நாயைப் பற்றி ஒரு வார்த்தை வராது. "எலும்பு வீக்கா போச்சும்மா, ஸ்ட்ரோக் வந்தாலே அப்படித்தான்" என்பார். டாக்டரிடமும் அவரே முந்திக்கொண்டு, "நடக்கறப்ப வழுக்கிட்டாரு சார்" என்று சொன்னார். முதல் நாள் நான் பதற்றத்தில் அதைத் திருத்தவில்லை. அடுத்த நாள் டாக்டரிடம் நாய் மோதித்தான் விழுந்தார் என்றேன். அவர் தலையாட்டினார். அவருக்கு எலும்பு எப்படி உடைந்திருக்கிறது என்பதுதான் முக்கியம்.

தை மாதம் பிறந்து, ஊரில் மாடுகளுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்த நாளில் என் கணவர் போய்விட்டார். பந்தல், நாற்காலி, மேளம், ஐஸ் பெட்டி என்று எல்லாம் அண்ணன்தான் பார்த்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து டிரைவர்களும் கண்டக்டர்களும் வந்தார்கள். வந்தவர்களிடம் வாசலில் நின்று அவர்தான் பதில் சொன்னார். உள்ளே என் கணவரின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "ஸ்ட்ரோக் வந்த ஒடம்பு. பார்க்குல வழுக்கி வுழுந்தாரு. அப்பால எழுந்திரிக்கல." சாயங்காலம் ஆவதற்குள் ஊர் முழுக்க அந்தக் கதைதான்.

காரியம் முடிந்தபின் மகள் போலீசில் புகார் கொடுக்கலாம் என்றாள். சாட்சி வேண்டுமே என்று அன்றைக்கு ஊஞ்சல் பக்கம் இருந்த பெண்களிடம் போனோம். ஒருத்தர், "நான் திரும்பிப் பாக்கறப்ப அவரு கீழ கெடந்தாரும்மா" என்றார். இன்னொருத்தர் போனில் பேசிக்கொண்டிருந்தாராம். மூன்றாமவர் எங்களுக்குக் காப்பி கொடுத்து, "எனக்கு எல்லாம் தெரியும் டீச்சர், ஆனா எங்க வூட்டுக்காரரு அவரு கடையிலதான் வேல பாக்குறாரு" என்று உண்மையைச் சொல்லிவிட்டு அழுதார். மூவரில் அவர் மேல் மட்டும் எனக்கு வருத்தம் இல்லை. புகார் கொடுக்கவில்லை. மகள் என்னோடு இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டுக் கடலூருக்குத் திரும்பினாள்.

அவள் போன மறுநாள் எதிர்வீட்டுக்குப் போனேன். அண்ணன் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நாய் அவர் காலடியில் படுத்திருந்தது. என்னைப் பார்த்து எழுந்தது.

"வாம்மா, உக்காரு" என்றார்.

நான் உட்காரவில்லை. "அண்ணே, எனக்கு ஒன்னும் வேணாம். நீங்க ஒரே ஒரு தரம் சொன்னா போதும். எங்க நாயி மோதித்தான் வுழுந்தாருன்னு என் கிட்ட சொல்லுங்க. ஊருக்குச் சொல்ல வேணாம்."

அவர் டிவியை அணைத்தார். முகம் இறுகியது. "நான் இன்னா, வேணும்னு பண்ணனா? ஒனக்கு ஒரு கஷ்டம்னா மொத ஆளா நின்னேன். அன்னிக்கி நான் தூக்கினு போவலன்னா சித்திரையிலயே போயிருப்பாரு. அதெல்லாம் மறந்துட்டு நாயி, நாயின்ற."

"மறக்கலண்ணே. மறந்திருந்தா எப்பவோ கேட்டிருப்பேன்."

அவர் மறுபடி டிவியைப் போட்டார். அண்ணி சமையலறை வாசலில் முந்தானையை வாயில் வைத்து நின்றுகொண்டிருந்தார். நான் திரும்பி வந்துவிட்டேன். அதற்குப்பின் அண்ணன் என்னோடு பேசவில்லை. தெருவிலும் எனக்கு நன்றி கெட்டவள் என்று பெயர் வந்தது. நேரில் யாரும் சொல்லவில்லை. வீட்டு வேலைக்கு வரும் பெண்தான் காதில் விழுந்ததைச் சொன்னாள். அவளே இன்னொரு சேதியும் கொண்டுவந்தாள். பூங்காவில் கூடும் ஆண்கள் சிலர், நீங்கள் தலையசைத்தால் நாய்க்கு பிஸ்கட்டில் மருந்து வைத்துவிடுகிறோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அண்ணனிடம் முகத்துக்கு நேராக ஒரு வார்த்தை சொல்லத் துணியாதவர்கள். "வேணாம்னு சொல்லு. அப்படி எதுனா ஆச்சுன்னா மொதல்ல போலீசுக்குப் போறது நான்தான்" என்றேன்.

மாசி மாதம் நானே பூங்காவுக்குப் போக ஆரம்பித்தேன். நடக்க அல்ல. சாயங்காலம் கேட்டுக்கு உள்ளே நிற்பேன். அண்ணன் நாயோடு வந்தார். நான் கேட்டைத் திறந்து, "சங்கிலியக் கழட்டாம உள்ள வாங்க" என்றேன். மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பினார். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் அவர் வரவில்லை. சுவரில் இருந்த போஸ்டரைத் தண்ணீர் ஊற்றிச் சுரண்டி எடுத்தேன். சங்கத் தலைவர் வந்து பக்கத்தில் நின்று, "நல்ல காரியம்மா" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கொஞ்ச நாளில் எதிர்வீட்டில் நாயே இல்லை. யாரோ சொந்தக்காரரின் கரும்புக் கொல்லைக்குக் காவலாக அனுப்பிவிட்டதாகத் தெரிந்தது.

பங்குனியில் என்னோடு வேலை செய்யும் ஆசிரியை வீட்டுக் காதுகுத்துக்காகக் குருவிநத்தம் போனேன். சாப்பிட்டுவிட்டு ஆற்றுப் பக்கமாக நடந்தோம். கரும்புக் கொல்லை ஓரத்தில், மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் அந்த நாய் கட்டிக் கிடந்தது. முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. விலா எலும்பு எண்ணலாம்போல இருந்தது. இரும்புச் சங்கிலி நிழலை எட்டாத நீளம். தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து கிடந்தது. கழுத்தில் பட்டை அறுத்து ஈ மொய்த்தது. அதுதான் என்னை முதலில் கண்டுகொண்டது. எழுந்து வாலை ஆட்டியது. முன்னங்காலைத் தூக்கி வரப் பார்த்தது, சங்கிலி இழுத்ததும் விழுந்தது.

எனக்கு அதன்மேல் பாசம் வந்தது என்று சொன்னால் பொய். அதன் நாக்கைப் பார்த்தபோது எனக்கு அவர் முகம்தான் தெரிந்தது. ஆனாலும் சட்டியை நிமிர்த்தி மோட்டார் தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு வைத்தேன். அது குடித்து முடிக்கும் வரைக்கும் நின்றேன். அவர் படுக்கையில் சொன்னது நினைவுக்கு வந்து, நின்ற இடத்திலேயே எனக்கு அழுகை முட்டியது.

ஊர் திரும்பியதும் நேராக எதிர்வீட்டு வாசலில் போய் நின்றேன். அண்ணன்தான் கதவைத் திறந்தார்.

"குருவிநத்தத்துல பாத்தேன். வெயில்ல கெடக்குது, குடிக்கத் தண்ணி இல்ல. கழுத்துல புண்ணு. போயி கூட்டியாந்துடுங்க."

அவர் நம்பாதவர்போலப் பார்த்தார். "நீயா சொல்ற?" என்றார்.

"நான் நாய அனுப்பச் சொல்லலண்ணே. புடிச்சிக்கத்தான் சொன்னேன். மொத நாள்லேர்ந்து அதத்தான் சொன்னேன்."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். இந்தச் சில மாதங்களில் ஆள் மெலிந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். "அது வூட்ல இருந்தா எனக்கு அவரு வுழுந்ததுதான் தெரியுது டீச்சர்" என்றார். குரல் உடைந்தது. மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. உள்ளே திரும்பி, "கார் சாவிய எடு" என்று அண்ணியிடம் சொன்னார்.

அன்றே கூட்டி வந்துவிட்டார். புண் ஆற நாளானது. இப்போது காலையில் வயல் பக்கத்து ரோட்டில் நடத்திப் போகிறார். சங்கிலியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருக்கிறார். பூங்காவுக்குள் வருவதில்லை. நான் பஸ்ஸுக்குப் போகும்போது எதிரே வந்தால், ரோட்டை விட்டு இறங்கி, நாயைத் தன் காலோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் கடந்து போகும் வரைக்கும் தலை நிமிராது. அண்ணி ஒருநாள் மாவு அரைக்கிற இடத்தில் என்னைப் பார்த்து, "தூக்கத்துல ஒளர்றாரு டீச்சர். ஒங்க வூட்டுக்காரரு பேரச் சொல்லிக் கூப்புடறாரு" என்று மட்டும் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. மன்னிக்க முதலில் அவர் அதைச் சொல்ல வேண்டும்.

மகள் படிப்பை முடித்துச் சென்னையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அங்கேயே வந்துவிடு என்கிறாள். போவேன் என்று நினைக்கிறேன். எதிர்வீட்டு மாடி விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டே கதவைச் சாத்துவது ஒவ்வொரு நாளும் கஷ்டமாக இருக்கிறது. வீட்டை விற்க ஆள் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வந்து பார்க்கிறவர்கள், பக்கத்தில் பூங்கா இருக்கிறது, நல்ல வசதி என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள்.